பத்தடி நகர்த்தினாலும் உடனே அணைக்கக்கூடாத கார்: மாஸ்டா பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வண்டியை வாசலிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்த வேண்டும் என்றால்கூட, ஸ்டார்ட் செய்து நகர்த்திவிட்டு உடனே சாவியைத் திருப்ப மாட்டார்கள். இன்ஜின் சூடேறும் வரை ஓடவிட்டுத்தான் அணைப்பார்கள். அவசரப்பட்டால் உள்ளே தெளித்த பெட்ரோல் எரியாமல் தங்கி பிளக்கை நனைத்துவிடும். அடுத்த முறை வண்டி கிளம்பாது. கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். முழுக்க மிதித்தால் பெட்ரோல் வருவது நின்று, காற்று மட்டும் உள்ளே போய் ஈரம் காயும். அப்புறம் ஆயில். பெட்ரோல் போடும்போதெல்லாம் குச்சியை இழுத்துப் பார்ப்பார்கள். அளவு குறைந்திருந்தால் பதற மாட்டார்கள். அந்த இன்ஜின் கொஞ்சம் ஆயிலை எரிக்கும்படியாகத்தான் செய்யப்பட்டது.

இவ்வளவு பாடுபடுத்தும் காரைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் "இதுபோல் ஒரு வண்டி இனிமேல் வராது" என்பார். இன்னொருவர் "தெரிந்தவர் யாரும் வாங்க வேண்டாம்" என்பார். சில நேரம் இரண்டையும் ஒரே ஆள் சொல்வார்.

அதே கம்பெனி 2020ல், அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு எடுத்த நம்பகத்தன்மைக் கணக்கெடுப்பில் டொயோட்டாவையும் லெக்ஸஸையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முன் அந்தப் பட்டியலில் அது முதலிடம் பிடித்ததே இல்லை. ஹிரோஷிமாவின் ஒரு நடுத்தரக் கம்பெனி இந்த இரண்டு முனைகளிலும் எப்படி நின்றது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. மாஸ்டாவின் நூறு வருடத்தில் திரும்பத் திரும்ப நடந்தது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இன்ஜினியர்களின் ஆசைக்கு யாரோ ஒருவர் காசு கட்டவேண்டி வந்தது. அந்தக் காசைக் கம்பெனியே கட்டிய காலமும் உண்டு, ஓனர் தலையில் விழுந்த காலமும் உண்டு. ஓனர்களின் திருப்தி அதற்கேற்ப ஏறி இறங்கியது.

அளவுகோல்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆரம்பத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாளில் 100 கார்களுக்கு எத்தனை குறை வந்தது என்று எண்ணும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கடந்த ஒரு வருடத்தில் எதெது பழுதானது என்று ஓனர்களிடம் கேட்டு நம்பகத்தன்மையைக் கணிக்கும். திருப்திக்கு அவர்கள் வைக்கும் கேள்வியே வேறு: இதே வண்டியை மறுபடியும் வாங்குவீர்களா? பழுதே ஆகாத வண்டியை "இனி வேண்டாம்" என்று சொல்பவர் உண்டு. மூன்று தடவை இழுத்துக்கொண்டு போன வண்டிக்கு "ஆமாம்" என்று டிக் அடிப்பவரும் உண்டு. இந்த இடைவெளியில்தான் மாஸ்டாவின் கதை நடக்கிறது.

தக்கையும் மூன்று சக்கரமும்

தொடக்கத்துக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. 1920ல் ஹிரோஷிமாவில் டோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் தக்கை தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. அடுத்த வருடம் தலைமைக்கு வந்த ஜூஜிரோ மாட்சுடா மீனவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே ஒசாகாவில் கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர். அவர் கம்பெனியை இயந்திரங்கள் பக்கம் திருப்பினார். 1927ல் பெயரிலிருந்து கார்க் போனது. 1931ல் மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. அஹுர மஸ்டா என்ற பாரசீகக் கடவுளின் பெயரும் மாட்சுடா என்ற குடும்பப் பெயரும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர் என்று கம்பெனியே சொல்கிறது.

நம் ஊரில் இந்தப் பெயர் காரால் பரவவில்லை. 1983ல் பஞ்சாபில் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் ஸ்வராஜ் மஸ்தா வேன்களால் பரவியது. கல்யாண வீட்டாரை ஏற்றிப்போன அந்த வேனுக்கும் நாம் பேசப்போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே பூர்வீகம் என்பது பலருக்குத் தெரியாது.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 ஜூஜிரோவின் 70வது பிறந்தநாள். காலையிலேயே நகரத்துக்குள் போய் முடி வெட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதால் உயிர் தப்பினார். தொழிற்சாலை நகரின் கிழக்கே ஃபுச்சூவில், ஹிஜியாமா குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. குன்று மறைத்ததால் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. நகரமே இல்லாமல் போனபின் மாகாண அரசு அலுவலகங்கள் சில காலம் அந்த ஆலைக்குள்தான் நடந்தன. அந்த வருடம் டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகள் மறுபடி வெளியே வரத் தொடங்கின. ஹிரோஷிமாவுக்கும் இந்தக் கம்பெனிக்கும் உள்ள ஒட்டுதல் பிறகு முக்கியமாகும் என்பதால்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆட்டுக்கல் இன்ஜின்

முதல் பயணிகள் கார் 1960ல் வந்த ஆர்360, ஒரு குட்டிக் கூபே. நன்றாக விற்றது. ஆனால் அந்தச் சமயத்தில் ஜப்பான் அரசு, நாட்டில் கார் கம்பெனிகள் அதிகம், இரண்டு மூன்று குழுக்களாக இணைத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஜூஜிரோவின் வாரிசான சுனேஜி மாட்சுடாவுக்கு ஒன்று புரிந்தது: வேறு யாரிடமும் இல்லாத ஏதாவது கையில் இருந்தால்தான் பெரிய மீன் விழுங்காது. ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடமிருந்து வாங்கெல் (Wankel) என்ற ரோட்டரி இன்ஜினுக்கு 1961ல் உரிமம் வாங்கினார்.

ரோட்டரியைப் புரிந்துகொள்ள ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் போதும். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ரோட்டரியில் முக்கோண வடிவக் குழவி ஒன்று, இடை சிறுத்த நீள்வட்டக் குழிக்குள் தானும் சுழன்று, குழிச் சுவரையும் ஒட்டியபடி சுற்றும். குழவிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள் பெருத்துச் சிறுக்கும். ஒன்றில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், ஒன்றில் அமுங்கி எரியும், ஒன்றில் புகை போகும். வால்வு கிடையாது, ஆட்டம் குறைவு, உருவம் சின்னது, வேகம் அதிகம். கேட்க அமர்க்களமாகத்தான் இருக்கும்.

சிக்கல் குழவியின் மூன்று முனைகளில் இருந்தது. முனைக்கு ஒரு மெல்லிய சீல். அது சுவரை விடாமல் தழுவியபடியே ஓட வேண்டும். விலகினால் அழுத்தம் கசியும், அதிகம் அழுந்தினால் தேயும். முதல் சோதனை இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்தபோது குழிச் சுவரில் வரிசையாகக் கீறல்கள். சீல் அதிர்ந்து அதிர்ந்து பதித்த தடங்கள் அவை. ஹிரோஷிமாவில் அவற்றுக்குப் பேயின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்கள் அதற்குப் பின்னாலேயே அலைந்தார்கள். எஜமானுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் பழங்கதை ஜப்பானில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் கைகொடுத்தது. 1967ல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. மொத்தம் 1,176 வண்டிகள்தான் செய்தார்கள்.

அதே 1967ல் என்எஸ்யூவும் ஆர்ஓ 80 என்ற அழகான ரோட்டரி காரை இறக்கியது. அந்த இன்ஜின் சீக்கிரமே தேய்ந்தது. கம்பெனி வாரண்டியில் இன்ஜினை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆர்ஓ 80 ஓனர்கள் இருவர் எதிரெதிரே வந்தால், எத்தனையாவது இன்ஜின் ஓடுகிறது என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்று ஒரு கதை உண்டு. ஓனர்களிடம் நாணயமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அந்த நாணயத்துக்குக் கொடுக்கக் கஜானாவில் பணமில்லை. 1969ல் என்எஸ்யூ ஃபோக்ஸ்வாகன் குழுவுக்குள் கரைந்து போனது. மாஸ்டாவை எடைபோட இந்த ஒப்பீடு உதவும்: தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்த இடத்தில் அது செத்தது, உரிமம் வாங்கிய இடத்தில் பிழைத்தது. சீல் பிரச்சினையைக் காரை விற்பதற்கு முன்னால் தீர்த்தவர்கள் ஹிரோஷிமாக்காரர்கள்.

பெட்ரோல் பங்கில் வந்த பில்

சரி, சீல் தீர்ந்தது. பசி தீரவில்லை. எரியும் அறை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் பெட்ரோல் முழுசாக எரியாது. சூடும் சுவர் வழியே வீணாகப் போகும். பெட்ரோல் மலிவாக இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போன மாஸ்டாக்களில் பெரும்பாலானவை ரோட்டரி. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அதே சமயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட மைலேஜ் கணக்கில் ரோட்டரி மாஸ்டாக்களுக்கு நகர ஓட்டத்தில் ஒரு கேலனுக்குச் சுமார் 11 மைல் என்று வந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை. சோதனை முறையே தப்பு என்று கம்பெனி வாதாடியது. பங்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஓனருக்கு அந்த வாதம் எதற்கு? 1974ல் அமெரிக்க விற்பனை ஏறக்குறைய பாதியானது. விற்காத கார்கள் மலை மாதிரி தேங்கின.

அடுத்து நடந்ததைப் பற்றி மேலாண்மைப் படிப்பில் இன்றும் பாடம் எடுக்கிறார்கள். பிரதான வங்கியான சுமிடோமோ கம்பெனியை மூழ்கவிடவில்லை. தன் ஆட்களை உள்ளே அனுப்பியது. அவர்களில் ஒருவரான சுடோமு முராய் பின்னாளில் அசாஹி பீர் கம்பெனியைத் தூக்கி நிறுத்தவும் போனார். 1977ல் மாட்சுடா குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையான கோஹெய் தலைவர் நாற்காலியிலிருந்து இறங்கி, யோஷிகி யமசாகி வந்தார். ஊர்க்காரர்கள் "நம்ம ஊர் வண்டியை வாங்குவோம்" என்று இயக்கம் நடத்தினார்கள். 1975ல், கம்பெனி தலைகீழாக நின்ற அதே வருடத்தில், அதன் பழைய பெயரைத் தன் பெயரில் சுமந்த ஹிரோஷிமா டோயோ கார்ப் பேஸ்பால் அணி முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. தற்செயல்தான். ஆனால் அந்த ஊரில் வயதானவர்களிடம் தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஆயிரக்கணக்கானவர்களை ஷோரூம்களுக்கு அனுப்பினார்கள். நேற்று வரை போல்ட் முடுக்கியவர் இன்று சூட் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். முன்னே பின்னே விற்பனை செய்து பழகாதவர்கள். ஆனால் தான் செய்த வண்டியைப் பற்றி ஓனர் முகத்துக்கு நேரே என்ன சொல்கிறார் என்பதை அவர்கள் முதன்முறையாகக் கேட்டார்கள். மைலேஜ் போதாது, பின் சீட்டில் இடமில்லை, விலை கட்டாது. எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

ரோட்டரியின் மைலேஜை 40 சதவீதம் உயர்த்துவது என்று ஃபீனிக்ஸ் திட்டம் போட்டார்கள். அதைவிட முக்கியமாகச் சாதாரண பிஸ்டன் கார்கள் பக்கம் திரும்பினார்கள். 1980ல் முன்சக்கர இழுவையோடு வந்த ஃபமிலியா, ஜப்பானில் அந்த வருடம் தொடங்கிய 'ஆண்டின் சிறந்த கார்' விருதின் முதல் வெற்றியாளர். 27 மாதத்தில் பத்து லட்சம் வண்டிகள் தயாராகின. சிவப்பு ஃபமிலியாவின் கூரையில் சர்ஃபிங் பலகையைக் கட்டிக்கொண்டு, கடல் பக்கமே போகாமல் நகரத்தைச் சுற்றிவந்த இளைஞர்களுக்கு ஜப்பானியர்கள் 'தரை சர்ஃபர்' என்று பெயர் வைத்தார்கள். 1979ல் ஃபோர்டு ஏறக்குறைய கால் பங்கை வாங்கியதும், 1984ல் கம்பெனி பெயரே மாஸ்டா ஆனதும், 47 பேரின் தலைவரான யமமோட்டோ அதே வருடம் தலைவரானதும் இந்தக் கட்டத்தில்தான். ரோட்டரியைக் கைவிட்டார்களா? இல்லை. 1978ல் ஆர்எக்ஸ்-7ல் வைத்தார்கள். பெட்ரோல் கணக்குப் பார்க்காதவர் மட்டும் வாங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குள் அதை ஒதுக்கியது புத்திசாலித்தனம்.

நரகமும் ஒரு சின்னக் காரும்

1989ல் மாஸ்டா இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று ஏறக்குறைய அதைக் கொன்றது. இன்னொன்று இன்று வரை அதன் பெயரைக் காக்கிறது.

முதலாவது, ஐந்து விற்பனைச் சங்கிலிகள். ஜப்பானில் பணம் பொங்கி வழிந்த காலம் அது. மாஸ்டா, யூனோஸ், ஆன்ஃபினி, ஆட்டோஸாம், ஆட்டோராமா என்று ஐந்து பெயரில் கடை விரித்தார்கள். டொயோட்டா அளவு கம்பெனி செய்ய வேண்டிய வேலை. ஒரே காருக்குப் பல பெயர்கள்; எது எது என்று வாங்குபவருக்கே குழப்பம். அந்தப் பணக் குமிழி உடைந்ததும் கார்கள் தேங்கின. தள்ளுபடி கொடுத்துத் தள்ளினார்கள். இங்கேதான் ஓனர்களின் சாபம் தொடங்கியது. பெரிய தள்ளுபடியில் வாங்கிய காருக்குப் பழைய கார் சந்தையில் மதிப்பே இருக்காது. வேறு கம்பெனி ஷோரூமுக்குப் போய் எக்ஸ்சேஞ்ச் கேட்டால் அடிமாட்டு விலை. கொஞ்சம் மரியாதையான விலை தருவது மாஸ்டா ஷோரூம் மட்டும்தான், அதுவும் இன்னொரு மாஸ்டா வாங்கினால். அங்கே மறுபடி தள்ளுபடி, மறுபடி மதிப்பிழப்பு. ஜப்பானியர்கள் இதற்கு 'மாஸ்டா நரகம்' என்றே பெயர் வைத்தார்கள். காரில் ஒரு போல்ட்கூடக் கழன்றிருக்காது, ஆனாலும் ஓனர் ஏமாந்துபோன உணர்வோடு இருப்பார். 'மறுபடியும் வாங்குவீர்களா' என்று மட்டும் கேட்டால் அவரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். திருப்தியால் அல்ல, வேறு வழியில்லாமல். 1996ல் ஃபோர்டு பங்கை 33.4 சதவீதமாக உயர்த்தி, ஹென்றி வாலஸைத் தலைவராக அனுப்பும் அளவுக்கு நிலைமை போனது. பெரிய ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது காரியம் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5. இரண்டு சீட், துணிக் கூரை, பின்சக்கர இழுவை, எடை 940 கிலோ. பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களின் சுகம் வேண்டும், அவை நடுவழியில் நிற்கும் குணம் வேண்டாம் என்பதுதான் யோசனை. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979லேயே யமமோட்டோவிடம் இதைச் சொல்லியிருந்தார்.

இந்தக் காரின் வெற்றியில் பலர் கவனிக்காத ஒன்று, அதன் 1.6 லிட்டர் இன்ஜின் சாதாரண குடும்பக் காரான ஃபமிலியாவின் வம்சம். எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமானது, சாமானியத்தில் நிற்காது. இன்ஜினியர்களின் ஆசை முழுவதும் எடையிலும், ஸ்டீயரிங்கிலும், கியர் கம்பி கைக்குள் விழும் விதத்திலும், சைலன்சர் சத்தத்திலும் போனது. ஓனர் தினமும் கையால் தொட்டு உணரும் இடங்கள் அவை. ஆசைக்கான செலவு ஓனர் பக்கம் வரவில்லை.

எம்எக்ஸ்-5 ஓனர்களுக்கும் ஒரு சடங்கு உண்டு. முதல் தலைமுறையில் கூரையின் பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, வளையும் பிளாஸ்டிக். கூரையை மடக்குவதற்கு முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே மடக்கினால் மடிப்பு விழுந்து, மங்கி, ஒரு குளிர்காலத்தில் கீறிவிடும். ஆர்எக்ஸ்-8 சடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தப்பினால் இன்ஜின் அடம்பிடிக்கும், இங்கே தப்பினால் ஜன்னல் போகும். சிரித்துக்கொண்டே சொல்லும் குறை இது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளியே வந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான்.

பிரான்சின் லே மான்ஸ் கார் பந்தயம் பற்றிச் சொல்லாமல் விட்டால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1991ல் நான்கு ரோட்டர், அதாவது நான்கு குழவி, கொண்ட 787பி பந்தயக் கார் அங்கே 24 மணி நேரப் போட்டியை வென்றது. ஜப்பானியக் கம்பெனிக்கு முதல் வெற்றி. அதற்குப் பயந்துதான் ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்பது ரசிகர்களின் கதை. விதி மாற்றம் முன்பே முடிவானது.

ஆர்எக்ஸ்-8: வரவும் செலவும்

2003ல் வந்த ஆர்எக்ஸ்-8 நான்கு பேர் உட்காரும் ரோட்டரி. பின் கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். ஓட்டிப் பார்த்த பத்திரிகைகள் கொண்டாடின. தொடக்கமே ஒரு தடுமாற்றத்தோடு நடந்தது. அமெரிக்காவில் 247 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்துவிட்டு 238 என்று குறைத்தார்கள். சில வருடம் முன்பு 2001 எம்எக்ஸ்-5க்கும் இதே கதை நடந்தது; 155 என்றது 142 ஆனது. இரண்டு தடவையும், விருப்பமில்லாதவர்கள் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், வைத்துக்கொள்பவர்களுக்கு இலவச சர்வீஸும் 500 டாலரும் என்று கம்பெனி இறங்கி வந்தது.

உண்மையான தொல்லை பின்னால் வந்தது. சீலுக்குப் போதிய ஆயில் போகாமல் தேய்வது, பிளக்குக்கு மின்பொறி தரும் இக்னிஷன் காயில் பலவீனமாகி எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் அடைப்பது, அந்தச் சூடு இன்ஜினைத் திருப்பித் தாக்குவது. ஒன்றிலிருந்து ஒன்று. கடைசியில் அழுத்தம் குறைந்து, சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பினால் வண்டி எழாது. சாதாரண மெக்கானிக்கிடம் போனால் அவருடைய அழுத்தமானி இதற்குப் பயன்படாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். ஒவ்வொரு முகத்தின் அழுத்தத்தையும் தனித்தனியாகக் காட்டும் சிறப்புக் கருவி வேண்டும். அந்தக் கருவியைத் தேடிப் போவதே ஒரு பயணம்.

கம்பெனி செய்த நல்ல காரியம், அமெரிக்காவில் இன்ஜின் உட்பகுதிக்கான வாரண்டியை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. என்எஸ்யூ செய்ததையே கஜானாவில் காசோடு செய்தார்கள் என்று சொல்லலாம். வாரண்டிக்குள் இன்ஜின் மாற்றிக்கொண்டவர்கள் இன்றும் காரைப் பாராட்டுகிறார்கள். 1,05,000 மைலில் இரண்டாம் கையாக வாங்கியவர்தான் திட்டுகிறார். முதலில் சொன்ன இரண்டு எதிரெதிர் பதில்களில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்தது என்பது என் கணிப்பு. 2012ல் தயாரிப்பு நின்றது.

கஞ்சத்தனமாகச் செலவழித்த ஆசை

2008ல் பண நெருக்கடியில் இருந்த ஃபோர்டு தன் பங்கை விற்கத் தொடங்கியது. 2015க்குள் முழுக்க விலகியது. துணையில்லாமல் நின்ற மாஸ்டாவிடம் ஹைப்ரிடுக்கும் மின்சார காருக்கும் கொட்டப் பணமில்லை. இருந்த காசை எல்லோரும் அலட்சியப்படுத்திய சாதாரண பெட்ரோல், டீசல் இன்ஜின்களில் போட்டார்கள். ஸ்கைஆக்டிவ் என்ற அந்த வரிசையில் பெட்ரோல் இன்ஜினின் அழுத்த விகிதத்தை, அதாவது உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, 14 வரை ஏற்றினார்கள். டீசலின் விகிதத்தை அதே 14க்கு இறக்கினார்கள். பெட்ரோலில் அவ்வளவு ஏற்றினால் எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாகவே பற்றி, இன்ஜின் தட்டும். சூடான புகை அடுத்த சிலிண்டருக்குத் திரும்பாதபடி புகைக்குழாய்களை நீளமாக இழுத்தும், பிஸ்டன் தலையில் ஒரு பள்ளம் வைத்தும் சமாளித்தார்கள். 2012ல் வந்த சிஎக்ஸ்-5 இதன் முதல் முழு வடிவம்.

2020ன் முதலிடத்துக்குப் பெரிய ரகசியம் எதுவுமில்லை. மற்றவர்கள் தனித்தனி கியர்களே இல்லாத சிவிடி கியர்பாக்ஸ், டர்போ, பெரிய டச் ஸ்கிரீன் என்று ஒரே வருடத்தில் மாற்றிக்கொண்டிருந்தபோது, மாஸ்டா ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கையும் அதே இன்ஜின் குடும்பத்தையும் வருடக்கணக்கில் மெருகேற்றியது. 2019 மாஸ்டா3ல் டச் ஸ்கிரீனையே எடுத்துவிட்டு, திருகும் குமிழை மட்டும் வைத்தார்கள். சாலையிலிருந்து கண் விலகக் கூடாது என்ற காரணத்தால். சிலருக்குப் பிடிக்கவில்லை. பழுதாகும் பொருள் ஒன்று குறைந்தது என்னவோ நிஜம். தள்ளுபடியையும் கட்டுப்படுத்தினார்கள், ரீசேல் மதிப்பு ஏறியது, நரகத்திலிருந்து வெளியேறக் கதவு திறந்தது. கறையே இல்லை என்று சொல்ல வரவில்லை: டீசல்களில் கரி படிந்து ஜப்பானில் திரும்ப அழைத்தார்கள். 2024 ஜூனில் டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹாவோடு மாஸ்டாவும் சான்றிதழ் சோதனைகளில் முறைகேடு இருந்ததை ஒப்புக்கொண்டது. மாஸ்டா2, எம்எக்ஸ்-5ன் ஒரு வகையான ரோட்ஸ்டர் ஆர்எஃப் இரண்டின் அனுப்புதலையும் நிறுத்த வேண்டி வந்தது. குதிரைச் சக்தி விவகாரத்தை மறக்காதவர்களுக்கு அது கசந்திருக்கும்.

இதற்கிடையே 2017ல் ஒரு விசித்திரமான அறிவிப்பு வந்தது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5ஐ, ஜப்பானில் அதன் பெயர் ரோட்ஸ்டர், கம்பெனியே புதுப்பித்துத் தரும். ஓனர்களைக் கூப்பிட்டு எந்தப் பாகம் கிடைக்கவில்லை என்று கேட்டார்கள். அந்தக் காலத்துப் பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரை அதே கோலத்தோடு மறுபடி வார்த்தார்கள். கூரைத் துணியும் மர ஸ்டீயரிங்கும் மறுபடி கிடைத்தன. லாபக் கணக்கில் இது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் ஜிப்பைத் திறந்து மூடியவர்களுக்கு அந்தக் கணக்கு முக்கியமும் இல்லை.

ரோட்டரியும் திரும்பி வந்துவிட்டது. 2023ல் ஐரோப்பாவில் அறிமுகமான எம்எக்ஸ்-30 ஆர்-ஈவியில் 830 சிசி ஒற்றை ரோட்டர் இருக்கிறது. சக்கரத்தை ஓட்டுவது மின் மோட்டார்; ரோட்டரி பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க மட்டும். காலடி மிதிக்கேற்ப அது ஏறி இறங்கவேண்டிய கட்டாயம் இல்லை. அறிவிப்பு வந்ததும் நான் முதலில் தேடியது முனைச் சீலின் தடிமனைத்தான். ஆர்எக்ஸ்-8ல் 2 மில்லிமீட்டராக இருந்ததை 2.5 ஆக்கியிருக்கிறார்கள்.